கேட்டாங்க, சொன்னேன்

நேர்காணலில் மகளிடம் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு அம்மாவையும் உள்ளே வரச் சொன்னார்கள். மங்கம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. துணைக்கு வந்தவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனபோது, நீள மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். இந்தப்பக்கம் தேவயானி இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே, பேச்சு சரியாக அமையவில்லை என்பது மங்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

ஓசூரைத் தாண்டி இருந்தது அந்தக் கல்லூரி. நான்கு வருட அறிவியல் படிப்பு. சேர்த்துக்கொண்டால் செலவு முழுவதும் அவர்களுடையது. அவர்கள் மலையில் இருக்கும் புதூர்நாட்டு உறைவிடப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ரேணுகாதேவி டீச்சர்தான் தேவயானியை இதற்கு விண்ணப்பிக்க வைத்தார். அதற்காக வேலூருக்குப் போய் அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுதினாள். எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அவளுக்குக் கீழே என்று முடிவு வந்தது. மங்கம்மாளுக்கு அது விளங்கவில்லை. டீச்சர் விளக்கிச் சொன்னபோதும் பாதிதான் விளங்கியது. ஆனால் மகள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நடமாடிய விதம் நன்றாக விளங்கியது. தேவயானி சின்ன வயதிலிருந்தே யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். கடையில் உப்பு கேட்பதற்கே தயங்குவாள். இப்போது அவளுக்குப் பதிலாக அந்த எண் பேசியது. யார் மகள், எந்த ஊர், வீட்டில் என்ன நடந்தது என்று அது ஒன்றையும் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.

வாழ்க்கையில் நீ சந்தித்த பெரிய கஷ்டம் எது, அதை எப்படித் தாண்டி வந்தாய் என்று அந்த அறையில் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். நுண்கணிதத்தில் தொகையீடு முதலில் பிடிபடவில்லை, போட்டுப் போட்டுப் பார்த்ததில் வந்துவிட்டது என்று பதில் சொல்லியிருக்கிறாள். வேறு ஏதாவது என்று கேட்டபோது, இல்லை என்றாளாம். இதெல்லாம் மங்கம்மாளுக்குப் பிறகுதான் தெரியும்.

நடுவில் இருந்த பேராசிரியை கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி. நரைத்த தலை, மெல்லிய குரல். காபி வரவழைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் எத்தனை மணிக்கு ஏறினீர்கள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். அப்பா ஏன் வரவில்லை என்றதற்கு, குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள் மங்கம்மாள். பிறகு அந்தப் பேராசிரியை சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், கணக்கெடுக்க வருகிறவர்களிடத்தில் இந்தக் கேள்விக்கு ஒன்று என்றுதான் அவள் சொல்லிவந்தாள். அன்றைக்கு என்னவோ வாயில் வேறு மாதிரி வந்தது.

"ரெண்டுங்க. பெரியவன் இப்ப இல்லை."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். அவளையே பார்த்துக் காத்திருந்தார். மங்கம்மாள் சொல்லத் தொடங்கினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் மாசி மாதம், புளி உலுக்க மரம் ஏறிய மகன் ராஜாக்கண்ணு, கிளை முறிந்து விழுந்ததைச் சொன்னாள். கீழே நின்று புளி பொறுக்கிக்கொண்டிருந்த தங்கைக்குப் பக்கத்திலேயே விழுந்ததையும், கட்டிலோடு தூக்கிப்போய் ரோட்டில் வைத்து ஜீப்புக்காகக் காத்திருந்ததையும், மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டதையும் சொன்னாள். அழவில்லை. பேசப் பேசக் குரல் தெளிந்துகொண்டே போனது. முடித்தபோது காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. பக்கத்தில் தேவயானி ஒரு முறைகூட நிமிரவில்லை.

 கிருஷ்ணகிரியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, தேவயானி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்குமா அங்க சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேன்."



இரண்டு வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கே வந்து, இடம் கிடைத்துவிட்டது என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மங்கம்மாள் சர்க்கரை இல்லையே என்று வெல்லம் போட்டு டீ வைத்தாள். தேவயானி மட்டும் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். மார்க்குக்கு எவ்வளவு வைத்தார்கள், நேர்காணலுக்கு எவ்வளவு வைத்தார்கள்? டீச்சருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது மறைக்காமல் சொன்னார். நேர்காணலுக்குக் கூப்பிடுவதற்கு மட்டும்தான் மார்க். கூப்பிட்ட பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்ப்பார்கள். அவளைப் போல மார்க் எடுத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தேவயானி தலையசைத்தாள். திருவண்ணாமலை அரசுக் கல்லூரியில் மார்க் பார்த்துப் போட்ட பட்டியலில் தன் பெயர் வந்திருக்கிறது, அங்கேயே போய்க்கொள்கிறேன் என்றாள். ஓசூருக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, யோசித்துச் சொல் என்று டீச்சர் எழுந்துகொண்டார். டீ அப்படியே இருந்தது.

மறுநாள் சாமைக் கொல்லையில் இருவரும் களை எடுத்தார்கள். அவரவர் வரிசையில் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். மகள் கை அன்றைக்கு வேகமாக இருந்தது. களையோடு பயிரும் வந்தது. மங்கம்மாள் பார்த்தாள். வரிசை முடியும் இடத்தில் தேவயானி நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு அங்க பேச ஒண்ணும் வரல. நான் ஒண்ணுமே சொல்லல. அப்புறம் எதுக்குக் குடுத்தாங்க? அண்ணன் செத்ததுக்குக் குடுத்தாங்க."

மங்கம்மாளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தாள்.

"நான் சீட்டுக்கு ஒண்ணும் சொல்லல பாப்பா. அவன் போனதிலேர்ந்து எங்கிட்ட யாரும் கேக்கல. உங்கப்பா கேக்கல, ஊர்ல கேக்கல. நீயும் கேக்கல. அந்தம்மா கேட்டாங்க."

தேவயானி அடுத்த வரிசையில் குனிந்தாள். ஜீப்பில் அன்றைக்கு இடம் இல்லையென்று அவளை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போனது மங்கம்மாளுக்கு நினைவு வந்தது. அவிழ்ந்த சடையோடு மகள் அங்கேயே நின்றிருந்தாள். ஜீப் திரும்பி வந்தபோது பிணத்தைத்தான் பார்த்தாள். நடுவில் நடந்த எதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சின்னப் பெண்ணிடம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தேவயானி போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. மேட்டுக்குப் போனால்தான் வரும். அங்கிருந்து டீச்சருக்குத் தன் பதிலைச் சொல்லவேண்டும். அது என்ன பதில் என்று மங்கம்மாள் கேட்கவில்லை, மகளோடு கூட நடந்தாள். ராத்திரி பெய்த மழையில் பாதை வழுக்கியது. பாதி மேடு ஏறியதும் தேவயானி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜீப்புல அண்ணன் பேசினானா, அம்மா?"

மங்கம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ஏற்றத்தினால்தான் என்பதுபோல் சற்று நின்றாள்.

"பேசினான். வழியில ஒண்ணுக்குப் போய்ட்டான், அவனுக்கே தெரியாம. வெக்கப்பட்டான். ஜீப்ப நிறுத்துமா, வேற துணி மாத்திக்கினு போலாம், ஆஸ்பத்திரியில சிரிப்பாங்கன்னான்." கொஞ்சம் பொறுத்து, "இத நான் அந்தம்மாகிட்ட சொல்லல" என்றாள்.

 தேவயானி அம்மாவின் கையைப் பிடித்து வழுக்கலைத் தாண்ட வைத்தாள். பிடித்த கையை விடவில்லை. அப்புறம் இன்னா சொன்னான் என்று கேட்டாள். மங்கம்மாள் சொல்லிக்கொண்டே நடந்தாள். மேட்டுக்கு வந்ததும் தேவயானியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் அதைப் பார்க்காமல் சத்தத்தை அணைத்தாள்; டீச்சரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இரண்டு பேரும் மேட்டைத் தாண்டி அந்தப்பக்கச் சரிவில், அம்மாவின் நடைக்குத் தக்கபடி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.