முன்பே அமர்ந்தது

அந்த அகராதிப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தாம் எழுதிய பொருளை மட்டும் வாசிப்பார். அது எந்த ஆங்கிலச் சொல் என்பதை எதிரே அமர்ந்திருப்பவர் கூற வேண்டும். கூறிவிட்டால் பொருள் தேறியது. தடுமாறினால் மீண்டும் எழுத வேண்டும்.

அகராதியின் முதுநிலை ஆசிரியைக்கு எதிரே நெடுங்காலம் அமர்ந்திருந்தவர், அவர் அக்கா என்று அழைத்த தோழி. அக்கா இறந்த பின்னும் அவருடைய சால்வை அந்த நாற்காலியிலேயே கிடந்தது. ஆசிரியை தாமே வாசித்து, தாமே விடை கூறிக்கொண்டார். ஒருமுறையும் தவறவில்லை. புதிதாகப் பணிக்கு வந்தவளுக்குச் சன்னலோர முக்காலி ஒதுக்கப்பட்டிருந்தது. "வாய் நீளம்" என்று முதல் நாளே ஆசிரியை அவளைப் பற்றித் தீர்ப்பு வழங்கியிருந்தார்.

அன்று காலை, புதியவள் வரும் முன், மேலாளர் அச்சுப்படிகளோடு வந்தார்.

"மேடம், பயஸ், பிரெஜுடிஸ், பிரிபொசெஸ், மூணுக்கும் 'ஒருதலையாகச் சாயச் செய்'னே போட்டிருக்கீங்க. அச்சுக்கோக்கறவரே சிரிக்கிறார்."

ஆசிரியை அச்சுப்படிகளை வாங்கி மேசைமேல் குப்புற வைத்தார்.

"அப்புறம், புதுசா வந்தவங்க வேற பிரிவு கேக்கறாங்க. அனுப்பிடட்டுமா?"

"சாயங்காலம் சொல்றேன்."

அவள் போய்விட்டால் அறையில் மிஞ்சுவது தம் குரல் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். புதியவள் வந்து அமர்ந்த பிறகும் நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, பிரிபொசெஸ்னா என்ன?"

முக்காலி கிறீச்சிட்டது.

"லத்தீன் வேர், மேடம். 'முன்னாடியே'ன்னு ஒரு பாதி, 'உடைமையாக்கு'ன்னு ஒரு பாதி. அந்த உடைமைக்குள்ளேயே 'உக்காரு'ங்கற வேரும் இருக்காம். முதல்ல இருந்த அர்த்தம் இடத்தைப் பிடிக்கறதுதான். மனசைப் பிடிக்கறது அப்புறம் வந்தது. பெரும்பாலும் நல்லெண்ணம்தான் அப்படி மனசைப் பிடிக்கும். பிரெஜுடிஸ் மாதிரி வெறுப்பு இல்ல."

"நல்லெண்ணமா?"

"ஆமா மேடம். பஸ்ல பையை வெச்சு சீட் பிடிக்கற மாதிரி. ஆள் வரவே மாட்டாங்க. ஆனா அந்தப் பை மத்தவங்களையும் உக்கார விடாது." சொல்லி முடித்த பிறகே அவள் பார்வை சால்வையின்மேல் விழுந்தது. "ஐயோ, நான் அதைச் சொல்லலை, மேடம்."

ஆசிரியை எழுந்தார். சால்வையை எடுத்து உதறினார், மடித்தார், வைக்க வேறிடம் தோன்றாமல் திரும்ப அமர்ந்து தம் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அங்கேருந்து பேசினா காதுல விழலை. இங்க வா."

புதியவள் அக்காவின் நாற்காலி நுனியில் அமர்ந்தாள். ஆசிரியை அடுத்த சொல்லின் பொருளை வாசித்தார்: "அறிவுக்கு முற்றிலும் ஒவ்வாத."

"அப்சர்ட்?"

"இல்லை."

"தெரியலையே, மேடம்."

அக்கா போன பிறகு அந்த மேசையில் எவரும் தோற்றதில்லை. ஆசிரியை தாம் எழுதியதை அடித்தார்.

"பிரிபாஸ்டரஸ். நான் எழுதினதுதான் சரியில்லை. நாளைக்குத் திரும்ப வாசிக்கறேன். இருப்பியா?"

புதியவள் ஆசிரியையின் மடியிலிருந்த சால்வையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தாள்.

"வாசிங்க, மேடம்."

ஆசிரியையின் கை சால்வையை விடவில்லை.