நான்காவது நிபந்தனை

நீதிபதி சொல்லச் சொல்ல உத்தரவுகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பதினொரு வருடமாக ஜன்னலோரம் அதே நாற்காலி. மத்தியான வெயில் பட்டு விசைப்பலகையில் பாதி எழுத்துகள் மறைந்துபோகும். விரல்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அன்று ஒரு சித்தப்பாவின் ஜாமீன் மனு. வழக்கு, அவனுடைய அண்ணன் மகளான ஏழு வயதுச் சிறுமிக்கு அவன் செய்த கொடுமை பற்றியது. சிறைக்குப் போய் எழுபது நாள் ஆகியிருந்தது. குழந்தையின் வாக்குமூலம் பதிவாகிவிட்டது, குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது, இனி எதற்கு உள்ளே வைக்க வேண்டும் என்றார் அவனுடைய வக்கீல். வெளியே வந்தால் குழந்தையை மிரட்டுவான் என்றார் அரசு வக்கீல். நீதிபதி குழந்தையின் தாயையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"இப்பத்தான் ரெண்டு வார்த்தை பேசறா, ஐயா. இவரு வர்றாருன்னு தெரிஞ்சா அதுவும் போயிடும்."

கணவன் தன் தம்பியின் பக்கமே நின்றுவிட்டதால், மாமியார் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மகளோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டதாகவும் சொன்னாள்.

நீதிபதி நெடுநேரம் கோப்பைப் புரட்டினார். கடைசியில் நிபந்தனைகளோடு ஜாமீன் கொடுத்தார். நான்காவது நிபந்தனை, குழந்தையின் வீட்டுப் பக்கம் அவன் போகக் கூடாது என்பது. போன வருடம் இப்படி ஓர் உத்தரவில் இடத்தைத் தெளிவாகச் சொல்லாததால், நிபந்தனையை மீறியும் ஒருவன் தப்பித்துக்கொண்டான். அதிலிருந்து தெருப்பெயர் இல்லாமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. தட்டச்சு செய்பவளும் கோப்பில் இருந்த, தாயும் மகளும் இப்போது இருக்கும் வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் பார்த்துப் பிழையில்லாமல் அடித்தாள். குழந்தையின் பெயர் வரும் இடமெல்லாம் 'சிறுமி' என்றே போட்டாள். இத்தனை வருடத்தில் எந்தக் குழந்தையின் பெயரையும் ஒருமுறைகூட வெளியே விட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நகல் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு ஆபீசில் 'ஆமை' என்று பெயர். உங்ககிட்ட நகல் வாங்கறதுக்குள்ள ஜனங்களுக்குத் தலை நரைச்சிடுது அண்ணே என்று காலையில்தான் அவரை வாரியிருந்தாள்.

மூன்றரை மணிக்குத் தாய் தன் நகலோடு அவள் மேசைக்கு வந்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். நான்காவதில் விரல் நின்றது.

"அக்கா, இதே தாளை அவருக்கும் குடுப்பீங்களா?"

ஆமாம்மா, ரெண்டு தரப்புக்கும் ஒரே உத்தரவுதான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த விரலுக்குக் கீழே தான் அடித்த தெருப்பெயரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

ஆமையிடம் ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"காலையில நீ திட்டுனல்ல தங்கச்சி, சுடச்சுடக் குடுத்துட்டேன். அந்தச் சித்தப்பனோட வக்கீல் வாங்கிட்டுப் போய் அரை மணி ஆச்சு."

அவள் போய்ச் சொன்னதும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரையும் திட்டவில்லை. கதவு எண்ணையும் தெருப்பெயரையும் கோடு போட்டு அடித்துவிட்டு, 'விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கப்பட்ட இடம்' என்று தன் கையாலேயே எழுதினார். அவனுடைய வக்கீலுக்கு போன் போடச் சொன்னார். தாளைத் திருப்பித் தருவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் குழந்தையின் அப்பா கோர்ட் வாசலிலேயே வாங்கிப் படித்துவிட்டார் என்றார் வக்கீல்.

அவள் திரும்பி வந்தபோது தாய் அதே இடத்தில் நின்றிருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னாள். தாய் அழவில்லை. ஸ்கூல் விட இன்னும் எவ்வளவு நேரம் என்று மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இவளோ, புது வீடு பார்த்ததும் விலாசத்தை எழுதிக் கொடுங்கள், கோப்பில் சேர்க்க வேண்டும் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்.

"நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா இந்தத் தடவை உங்ககிட்டயும் சொல்லப் போறதில்ல."

பிறகு தாய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பேப்பர் கட்டு வந்த காலி அட்டைப்பெட்டிகள் கிடந்தன.

"இதுல ரெண்டு எடுத்துக்கட்டுமா?"

இவள் நான்கை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கோப்பு கட்டும் நாடாவால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.