சந்தனப் பொட்டு வைத்த பிளாப்பி

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஆதிமூலத்தின் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு 1987இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்த ஆள் பிளாப்பித் தட்டு ஒன்றைச் செருகி மெஷினைக் கிளப்பிக் காட்டினான்; தட்டில்லாமல் அது கிளம்பாது. ஆதிமூலம் அந்தப் பிளாப்பியின் உறைக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. அதே ஆள் வேறொரு பிளாப்பியால் கிளப்பப் போக, மெஷின் வாயடைத்துவிட்டது. வோல்டேஜ் கோளாறு என்றான். பத்து நாள் மெஷின் ரிப்பேரில் கிடந்ததைப் பார்த்தவர் அதை நம்புவாரா? அன்றிலிருந்து கம்பெனியில் ஒரே சட்டம்: பொட்டு வைத்த பிளாப்பியால்தான் மெஷினைக் கிளப்ப வேண்டும். கிளம்பியபிறகு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

லூர்துசெல்வி அங்கே டைப்பிஸ்ட். அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்துப் படித்து, பிரிண்டரில் தமிழ் எழுத்து அடிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாள். சென்னையில் ஒரு குழு, இப்படி எழுதுபவர்களின் புரோகிராமை வாங்கி, எழுதியவர் பெயரோடு ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவந்தது.

"சும்மா குடுக்கறாங்களா?" என்றார் ஆதிமூலம். "அப்ப எங்கியோ பெரிய ஓட்ட இருக்குது, ஜாக்கிரத."

ஆனால் வேலை கேட்டு எழுதிய அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று பதில் போட்டிருந்தது: குழுவின் பட்டியலில் பெயர் வரட்டும், வேலைக்குக் கூப்பிடுகிறோம். குழுவுக்கும் கறார் உண்டு. மூன்று முறை திரும்பிய புரோகிராமை நான்காம் முறை கையால் தொடமாட்டார்கள்.

முதல் முறை அனுப்பியது, வடிவம் சரியில்லை என்று திரும்பியது. ஒரு வரி எழுபத்திரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. உள்வரிகள் நாலு இடம் தள்ளி நிற்க வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீ இப்பிடித் தல சீவலடி" என்றாள், பெட்டி ஒட்டுகிற கமலவேணி.

இரண்டாம் முறை வந்த கடிதம் இது: 'வடிவம் நன்று. ஆனால் எங்கள் மெஷினில் தமிழுக்குப் பதில் கட்டங்களும் கோடுகளும் வருகின்றன. ஏழாம் விதிப்படி, மெஷினைக் கிளப்புவதைத் தவிர வேறெதுவும் இல்லாத வெறும் பிளாப்பியால் கிளப்பிச் சோதித்தீர்களா? இத்துடன் உள்ள படிவத்தில் பதில் எழுதி அனுப்புங்கள்.'

எப்படிச் சோதிப்பாள்? பக்கத்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் மெஷின் இருந்தது. வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. ஆதிமூலத்திடமே போய் நின்றாள்.

"மொதலாளி, ஒரே ஒரு தபா வேற பிளாப்பியால கிளப்பிக்கறேன்."

"செவ்வாக்கெழம பட்டது போதாதா?"

"இன்னிக்கி வியாழன். பொட்டும் நீங்களே வச்சிக் குடுங்க."

ஆதிமூலம் யோசித்தார். பேரம் என்று வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "எவ்ளோ நேரம்?"

"அர மணி."

"அஞ்சி நிமிஷம்."

"இருவது."

"பத்து. நான் பக்கத்துலியே நிப்பேன். பொழச்சிப் போ."

மெஷின் ஒழுங்காகக் கிளம்பியது. பிரிண்டர் கட்டமும் கோடுமாக அடித்துத் தள்ளியது. இரண்டு பிளாப்பிகளில் இருந்தவற்றையும் ஒப்பிட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பொட்டு வைத்ததில், மெஷின் கொண்டுவந்த ஆள் ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டு வைத்திருந்தான். மெஷின் கிளம்பும்போதே அது மெமரியில் ஏறி உட்கார்ந்து, தமிழ் எழுத்தைப் படமாக வரையப் பிரிண்டருக்குச் சொல்லிக்கொடுத்தது. இத்தனை நாளும் இவள் புரோகிராம் அதன் முதுகில் சவாரி செய்திருக்கிறது. அந்த வேலையைத் தன் புரோகிராமே செய்ய நாற்பது வரி சேர்த்தால் போதும்.

"இன்னாம்மா இது, பூரான் ஊர்ற மாரி?" ஆதிமூலம் காகிதத்தைக் கிழித்தெடுத்தார்.

"தப்பு என் புரோகிராமுல மொதலாளி. மெஷின் நல்லாத்தான் கீது."

"அன்னிக்கி அவனும் இப்பிடித்தான் வோல்டேஜ் மேல பழியப் போட்டான்."

சுவிட்சை அணைத்தார். பொட்டு வைத்த பிளாப்பியைத் தன் கையாலேயே செருகி, அதே புரோகிராமை ஓட்டச் சொன்னார். தமிழ் அச்சுப் போல வந்தது. "பாத்துக்க. சே ஃபினி, முடிஞ்சிபோச்சி" என்றார், பாதி பிரெஞ்சில். மெஷின் அதே, புரோகிராம் அதே, மாறியது பிளாப்பி மட்டும்: அவர் செய்த சோதனையில் குழுவே குறை கண்டுபிடிக்க முடியாது. இனி வேறு பிளாப்பி என்ற பேச்சே இல்லை.

நாற்பது வரியையும் எழுதிச் சேர்த்தாள். ஆனால் இங்கே ஓட்டினால் வேலை செய்வது தன் வரிகளா, அந்த ஆளின் புரோகிராமா என்று எப்படித் தெரியும்? படிவத்தில் ஏழாம் கேள்வி: சோதித்தீர்களா?

"ஆமான்னு போடுடி. எவன் வந்து பாக்கறான்?" என்றாள் கமலவேணி.

"பாக்கறதுக்குத்தாண்டி அவங்க இருக்கறதே."

'இல்லை, வழியில்லை' என்று எழுதி அனுப்பினாள். இருபதாம் நாள் பதில் வந்தது. 'வடிவம் மிக நேர்த்தி. சோதிக்கவில்லை என்று எழுதி வருவதை நாங்கள் ஓட்டிப் பார்ப்பதில்லை. இது மூன்றாம் முறை.'

ஆயுத பூஜை வந்தது. ஆதிமூலம் அழைப்பிதழைத் தமிழில் அடிக்கச் சொன்னார். "சென்னையில கூட வர்ல, நம்ம மெஷின்ல மட்டுந்தான் வருது" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

லூர்துசெல்வி பொட்டு வைத்த பிளாப்பியைச் செருகினாள். இருநூறு அழைப்பிதழும் ஒரு புள்ளி பிசகாமல் வந்தன.