நகக்கனம்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று வறண்டு, அசைவற்றுக் கிடந்தது. பந்தய எஞ்சின்களுக்கு இதைவிடக் கெட்ட வானிலை கிடையாது.

அதனை நன்கறிந்த டியூனிங்காரர், தம் பட்டறையின் தகரக் கூரையின் கீழ், மைத்துனனுடைய காரின் முன்புறத்தில் தலையை நுழைத்து நின்றுகொண்டிருந்தார். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழவேண்டும். எவ்வளவு முன்பு என்பதில்தான் அவருடைய பிழைப்பு முழுவதும் அடங்கியிருந்தது. பொறி பிந்தினால், வண்டியை இழுக்கவேண்டிய வலு வெறும் சூடாகிப் புகைக்குழாய் வழியே போய்விடும். முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனின் தலையில் நெருப்பே சம்மட்டியாக இறங்கும். சாதாரண எஞ்சின் இவ்விரண்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வலு கூடுவதற்காகக் கம்ப்ரஷனை ஏற்றிய இந்த எஞ்சின் பொறுக்காது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முப்பது டிகிரி முன்பு பொறி விழுவதே இதற்கு உகந்தது.

"எவ்வளவு வச்சீங்க அத்தான்?" என்று கேட்டான் மைத்துனன்.

"முப்பது."

அவர் வைத்தது இருபத்தாறு.

இந்தப் பொய்க்கு ஒரு வரலாறு உண்டு. மைத்துனன் மருந்துக்கடை நடத்துபவன். சீட்டில் அரை மாத்திரை என்றிருந்தால் முக்கால் மாத்திரை கொடுக்கமாட்டான். அளவு மீறினால் என்னவாகும் என்பதை வாடிக்கையாளர்களுக்கு விரலை ஆட்டி எச்சரிப்பான். அதே மனிதன் தன் காரின் அருகே வந்ததும் வேறு மனிதனாகிவிடுவான். டியூனிங்காரர் எதை வைத்துக் கொடுத்தாலும், யாரும் பார்க்காத வேளையில் பொறியின் நேரத்தை நிர்ணயிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, பொறி இன்னும் முந்தும்படி ஒரு நகத்தின் கனம் அளவுக்குத் திருப்பி, மறுபடியும் இறுக்கிவிடுவான். நகத்தின் கனம் என்பது நான்கு டிகிரி. வண்டி திரும்பி வரும்போதெல்லாம் அளந்து பார்த்து, அவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டிருந்தார்.

பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்டது. சென்ற ஆண்டு வாங்கிய எஞ்சின் பொறுக்கவில்லை. பிஸ்டனில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. "அத்தான் கை ராசி அப்படி" என்றான் மைத்துனன். "உன் கை அரிப்பு அப்படி" என்றார் இவர். அத்துடன் இரு வீடுகளுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. ஓராண்டு ஆயிற்று.

நடுவில் அகப்பட்டுத் தவித்தவள் அவருடைய மனைவி. தம்பியைச் சம்மதிக்கவைத்து, அவன் இப்போது வாங்கிய புதிய எஞ்சினைக் கணவரின் பட்டறைக்கே வரவழைத்தவளும் அவளே. முந்தைய இரவு, கணவரின் தட்டில் சோற்றைப் போட்டவாறே அவள் சொன்னது ஒன்றுதான்.

"இங்க பாருங்க, இதுவும் வெடிச்சுதுன்னா அவன் வாசப்படியை நான் இந்த ஜென்மத்துல மிதிக்கமுடியாது. உங்களுக்கு அது எஞ்சின். எனக்கு அது தம்பி."

ஆகவே, டியூனிங்காரர் அன்று காலையில் எஞ்சினுக்கு மட்டுமல்லாது, மைத்துனனின் குணத்துக்கும் சேர்த்தே டைமிங் வைத்தார். இருபத்தாறில் வைத்தால், அவன் நான்கு ஏற்றுவான், முப்பது ஆகும், எல்லோரும் நலமாக வீடு திரும்பலாம். தம் தொழில் வாழ்வில் இத்தனை நுட்பமான கணக்கைத் தாம் போட்டதில்லை என்று அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

பந்தயம் கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் நடந்தது. ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டங்கள். இரண்டில் எது சிறந்ததோ அது கணக்கில் சேரும். முதல் ஓட்டத்தில், மைத்துனனின் கார் பந்தயக் கார் போலப் புறப்பட்டு, கல்யாண ஊர்வலக் கார் போலப் போய்ச் சேர்ந்தது. பக்கத்துத் தடத்தில் ஓடியவன் அதற்குள் இறங்கிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

கார் திரும்பி வந்து நின்றது. அதன் புகைக்குழாய் அடுப்புக்கம்பி போலச் சிவந்திருந்தது. பொறி பிந்துகிறது என்று டியூனிங்காரருக்குப் புரிந்துவிட்டது. மைத்துனன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பொறி விழும் டிகிரியைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தார்.

இருபத்தாறு. அவன் தொடவே இல்லை.

"என்ன அப்படி முழிக்கிறீங்க?" என்று கேட்டாள் மனைவி, கையில் தேநீர்க் குடுவையுடன்.

"உன் தம்பி கையே வைக்கலை."

"எப்படி வைப்பான்? அத்தான் வச்சதுல கை வைக்கமாட்டேன்னு நேத்து போன்ல எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான்."

"அதை என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா, 'அவனாவது, சத்தியமாவது'ன்னு சிரிப்பீங்க. எதுக்குன்னு விட்டுட்டேன்."

பத்து ஆண்டுகளில் முதன்முறையாக அவன் அவரை நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையே அவனைத் தோற்கடித்திருந்தது. 'உன் புத்தி தெரிந்துதான் குறைத்து வைத்தேன்' என்று இப்போது சொன்னால், அந்த நம்பிக்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமலே சரிசெய்துவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். மனைவியைக் காவலுக்கு நிறுத்தாத குறையாக அங்குமிங்கும் பார்த்து, போல்ட்டைத் தளர்த்தி, ஒரு நகத்தின் கனம் திருப்பினார். லைட்டை அடித்துப் பார்த்தார். முப்பது. தாம் இத்தனை நாள் திட்டிவந்த அதே திருட்டுத்தனத்தை, அதே அளவுக்குத் தாமே செய்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மைத்துனன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன அத்தான், ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமில்ல மச்சான். சூடு. அடுத்த ரவுண்டுல பாரு."

"முப்பதுதானே இருக்கு?"

"முப்பதேதான்," என்றார் அவர். அன்று அவர் அவனிடம் சொன்ன முதல் உண்மை அது.

வரிசையில் ஓட்டுநர் மட்டுமே நிற்கலாம். மற்றவர்கள் கம்பிவேலிக்கு அப்பால் போய்விடவேண்டும். அவரும் மனைவியும் வேலியோரம் நின்றார்கள். சூடு தணியட்டும் என்று வரிசையிலிருந்த கார்கள் யாவும் எஞ்சின் மூடியைத் திறந்தபடி நின்றன. அவற்றுள் ஒன்றின் திறந்த மூடிக்குப் பின்னால் மைத்துனனின் தலை சற்றுநேரம் காணாமற்போய், மீண்டும் தோன்றியது.

பச்சை விளக்கு எரிந்தது. கார் இம்முறை உண்மையாகவே பாய்ந்தது. "அடேங்கப்பா!" என்று அவர் மனைவி அவருடைய தோளில் ஓங்கித் தட்டினாள். அவருக்கு வலி தெரியவில்லை. காதில் வேறொன்று விழுந்துவிட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதைப் போன்ற சத்தம். பொறி முந்தி, பிஸ்டனின் தலையில் சம்மட்டி இறங்கும் சத்தம் அது. அந்த ஆரவாரத்தில் அதைக் கேட்டவர் அவர் ஒருவரே.

"காலை எடுடா! காலை எடு!" என்று வேலியைப் பிடித்து உலுக்கினார்.

கார் எல்லைக்கோட்டுக்கு முன்பே வெண்புகையைக் கக்கிற்று. உருண்டு போய், ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றது.

அவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, மைத்துனன் மூடியைத் திறந்துவைத்து, பிணத்தைப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய ஸ்பானரின் தலை எட்டிப்பார்த்தது. அக்காள்தான் அதை முதலில் கண்டாள்.

"சத்தியம் பண்ணவன் பையில ஸ்பானர் எதுக்குடா?"

அவன் தலையைக் குனிந்தான். "முதல் ரவுண்டு வரைக்கும் தொடலைக்கா. நம்பித்தானே இருந்தேன்! வண்டி இழுக்கவே இல்ல. அதான் கொஞ்சூண்டு..."

"நகக்கனம்," என்றார் டியூனிங்காரர்.

"ஆமா. நாலு டிகிரிக்கு வெடிக்குமா அத்தான்?"

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், பழி முழுவதும் அவன் தலையில் விழும், தாம் தப்பிவிடலாம். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில நான் வச்சது இருபத்தாறு."

"முப்பதுன்னீங்களே?"

"நீ நாலு ஏத்துவேன்னு குறைச்சு வச்சேன்."

"நான் ஏத்தலையே!"

"அதான் நீ தண்ணி குடிக்கப் போனப்ப நானே ஏத்திட்டேன்."

மைத்துனன் மருந்துக்கடைக்காரன் ஆதலால், கூட்டிப் பார்க்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. "அப்ப முப்பத்துநாலா?" என்றான். பிறகு, தன்னையறியாமல், "டபுள் டோஸ்!" என்றான்.

அக்காள் குடுவையைத் தரையில் வைத்துவிட்டு, காரின் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று இருவரும் பதறினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உருப்படியா செஞ்சு முடிச்ச வேலை இது ஒண்ணுதான்!"

பந்தய அதிகாரி ஒருவர் கையில் தீயணைப்பானுடன் மூச்சுவாங்க வந்துசேர்ந்தார். "என்ன ஆச்சு?" என்றார்.

"பெட்ரோல் சரியில்ல," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அதிகாரி தலையசைத்துவிட்டுப் போனார். மைத்துனன் அத்தானின் முகத்தை நேராகப் பார்த்தான். சென்ற ஆண்டுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

"ராத்திரி வீட்டுக்கு வந்துடுங்க அத்தான். எஞ்சினைச் சேர்ந்தே பிரிப்போம்."

"வரேன் மச்சான். ஸ்பானர் மட்டும் அக்காகிட்ட இருக்கட்டும்."

அக்காள் கையை நீட்டினாள். பையிலிருந்த ஸ்பானரை மைத்துனன் கொடுத்தான். அவள் கையை மடக்கவில்லை. அதைக் கணவரின் பக்கம் திருப்பி, அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். அவரும் தம் பையைத் துழாவி, தம்முடையதைக் கொடுத்தார். அப்போது மாலை மணி நான்கு பதினேழு.