ஆவணியில் எரியப்போகும் விளக்கு

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்படுவது. பெசன்ட் நகரில் எங்கள் அலையோரக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு விழா மலர் போடுகிறது. விழா, சங்கத்தின் சின்ன டிராக்டரில் விளக்குப் போட்டதற்காக. அதுவும் ஊருக்கு வெளிச்சம் காட்டும் விளக்கல்ல, டாஷ்போர்டு விளக்கு. தலைவர் ராஜகோபாலன் போனில் சொன்னார்: "நீங்க ரைட்டர்தானே சார்? ஒளி, இருள், விழிப்புணர்வுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கோ. ஆத்துல சும்மாத்தானே உக்காந்துண்டிருக்கேள்?"

கடைசி வாக்கியத்தை மறுக்க முடியாததால் ஒப்புக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'இருள் கவிந்த வங்கக் கரையில் ஒரு பெண் ஒளியைத் தேடி—'

வேண்டாம். நிஷா ஒளியைத் தேடவில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைத் தேடினாள்.

மறு தொடக்கம்: அந்த டிராக்டரை ஓட்டுகிறவள் நிஷா. நடைப்பயிற்சிக்காரர்கள் கூடுவதற்குள், விடியும் முன்பே தொடங்கி, மணல் சலிக்கும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு கடற்கரையைச் சுத்தம் செய்ய வேண்டும். முன்விளக்கு மணலைக் காட்டும். மீட்டர்கள் இருட்டில் கிடக்கும். ஒருநாள் ரேடியேட்டரில் குப்பை அடைத்து எஞ்சின் கொதித்துவிட்டது.

"இன்னொரு தடவை கொதிச்சா வேற ஆளைப் பாத்துப்போம்" என்றார் தலைவர்.

"முள்ளு கண்ணுக்கே தெரியல சார். ஒரு லைட்டு போட்டுக் குடுங்க, பாத்துக்கறேன்" என்றாள் நிஷா.

[கதை இங்கேயே முடிந்திருக்கலாம். சங்கம் என்று ஒன்று இருக்கிறதே.]

3.

செயற்குழு கூடியது. வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று விவாதம். துணைத் தலைவர் சாருலதா, டாஷ்போர்டு ஒளியால் கடலாமைகள் திசை குழம்பாதா என்று கவலைப்பட்டார். ஆமைகள் முட்டையிட வருவது தை, மாசியில். அப்போது நடந்துகொண்டிருந்தது ஆனி. இருந்தாலும் ஆமைகளுக்காக ஒரு துணைக்குழு அமைந்தது.

பிறகு புதுப்பேட்டையிலிருந்து எலக்ட்ரீஷியன் மெஹபூப் பாஷா வந்தார். மீட்டர்களுக்குப் பின்னால் சின்ன பல்புகளை மாட்டி, முன்விளக்கு ஸ்விட்சிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்தார்.

"ஹெட்லைட் போட்டா இதுவும் தானா எரியும் சார்."

தலைவர் பதறிப்போனார். "தானா எரிஞ்சா எப்படி பாய்? சீஃப் கெஸ்ட் எதை அமுக்குவார்?"

தனி ஸ்விட்ச் வந்தது.

4.

மறுநாள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் திறந்துவைக்க மாட்டார்கள். விழா ஆவணிக்குப் போனது. அதுவரை யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று, தங்க ஜரிகை வைத்த அரக்கு வெல்வெட் திரை ஒன்றைத் தைத்து வந்து கட்டினார்கள். திரை ஸ்விட்சை மட்டுமா மறைக்கும்? மீட்டர்களையும் சேர்த்து மூடியது.

"இன்னா சார் இது?" என்றாள் நிஷா. "முன்னாடி விடிஞ்சதுக்கு அப்பாலயாவது முள்ளு தெரிஞ்சுது. இப்போ சுத்தமா மூடிக்கினு கீது."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா. நல்ல காரியத்தை ஆடியில ஆரம்பிக்கப்படாது."

"எஞ்சின் மட்டும் ஆடியில கொதிக்கலாமா?"*

(* இந்த வரியைப் படித்துவிட்டுத் தலைவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு ரொம்பப் பேசறா சார். நன்றியில கண்கலங்கறாப்பல வையுங்கோ." முயன்றேன். 'நன்றிப் பெருக்கில் கண்கள் பனிக்க நிஷா—' அதற்கு மேல் பேனா நகரவில்லை. நிஷாவிடமே சொன்னேன். "நான் இன்னா சீரியல்லயா நடிக்கறேன், அழுவறதுக்கு? எழுதறதுன்னா அந்தத் துணிய எடுக்கச் சொல்லி எழுது சார்" என்றாள்.)

5.

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ. ஆவணி, நாகஸ்வரம், சிறப்பு விருந்தினர் ஸ்விட்சை அமுக்குகிறார். பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிவது யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் மட்டும் கேட்கிறது. தலைவருக்குப் பிடித்த முடிவு. ஆடி முழுக்க வண்டி கொதிக்காமல் எப்படி ஓடியது என்று இதில் யாரும் கேட்கக்கூடாது.

ஆ. திரைக்குப் பின்னால் முள் ஏறுகிறது. எஞ்சின் கொதிக்கிறது. நிஷாவுக்கு வேலை போகிறது. விழா மேடையருகே புது டிரைவர் மாலையோடு நிற்கிறார்.

இ. நிஷா திரையை விலக்கி ஸ்விட்சைப் போடுகிறாள். முள் தெரிகிறது, எஞ்சின் பிழைக்கிறது. ஆனால் விளக்கைத் திறந்துவைத்தது அவள் என்றாகிவிடுகிறது. சங்கம் எஞ்சினைக்கூட மன்னித்துவிடும், இதை மன்னிக்காது. வேலை இப்படியும் போகிறது.

ஈ. எழுத்தாளர் துணிந்து—

இது நடக்காது. அழைப்பிதழில் 'வாழ்த்துரை' என்று என் பெயர் அச்சாகிவிட்டது, அதுவும் கொட்டை எழுத்தில்.

6.

ஆகவே உங்களிடம் வருகிறேன். நீங்கள் எந்தக் குழுவிலும் இல்லை. உங்களுக்கு மாலை கிடையாது, பறிபோக வேலையும் கிடையாது. டிராக்டர் கடற்கரைச் சாலை ஓரத்தில் நிற்கிறது. இன்னும் ஆடிதான். நாளை விடியும் முன் நிஷா வந்து வண்டியை எடுப்பாள். திரையின் முடிச்சு ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், உருவு முடிச்சுதான். நுனியைப் பிடித்து இழுத்து, ஸ்விட்சையும் தட்டிவிட்டால் போதும். யார் அவிழ்த்தது என்று தலைவர் கேட்டால், யாரோ வாசகர் என்று சொல்லிவிடுகிறேன். அவர் நம்பமாட்டார். நம் ஊரில் வாசகர்கள் எழுந்து வருவார்கள் என்று நானே நம்பியதில்லை.