பூஜ்ஜிய சதவீத முழங்கால்

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. பக்கத்து வீட்டு வெர்னெல் தன் வீட்டுப் படிகளில் பின்பக்கமாக இறங்குவதைப் பார்த்தேன். முன்பக்கமாக இறங்கினால் வலது முழங்கால் மடிந்து ஆளைத் தள்ளிவிடுமாம். காரணத்தை அவள் சொன்ன அன்றே எழுத உட்கார்ந்தேன்.

‘பாலைவனத்தில் வெயில் தகித்த ஒரு காலையில், வீராங்கனை வெர்னெல்’ –

வேண்டாம். ராணுவத்தில் லாரி ஓட்டினாள். முதுகுச் சுமையோடு லாரியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள், குதித்தாள். முழங்காலுக்குள் ஏதோ கிழிந்தது. அவ்வளவுதான். (வாசகர்களுக்குக் குண்டுக் காயம்தான் பிடிக்கும். அரசாங்கத்துக்கும் அப்படியே.)

2
அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், ராணுவ உதவித்தொகைக்காக ஊனத்துக்குச் சதவீதம் போடும் பரிசோதனை. டாக்டர் முழங்காலில் கோணமானியை வைத்தார்.

“மடக்குங்கம்மா. இன்னும்... இன்னும் கொஞ்சம்.”

ராணுவம் பழக்கிய உடம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாக மடக்கினாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவர் கோணத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

முடிவு வந்தது: காயம் பணியில் பட்டதுதான். ஊனம், பூஜ்ஜியம் சதவீதம்.

எங்களால்தான் உடைந்தாய், ஆனால் நீ உடையவே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்ல எந்த வாய்க்கு

(முடித்தால் அச்சில் ஏறாது.)

3
அவள் கணவன் ராய்ஸ் மேல் எனக்குச் சந்தேகம். எழுத எழுத ரொம்ப நல்லவனாகிவிடுகிறான். அவன் வாயை அவனே திறக்கட்டும்.

“மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்காங்கல்ல, இந்தத் தடவை கத்து. அழு. கொஞ்சம் நடிச்சாத்தான் என்ன?”

“நடிக்கணுமா? வலிக்கலேன்னுதான்யா இத்தனை வருஷமா நடிச்சுக்கிட்டிருக்கேன்!”

4
முதல் வரைவில் மேசையைக் கவிழ்த்தாள். இரண்டாவதில் கதறினாள். இரண்டும் என் ஆசை. நடந்தது வேறு.

புது டாக்டர். அதே மாதிரிக் கோணமானி. மடக்கச் சொன்னார். மடக்கியவள் பாதியில் நின்றாள்.

“இன்னும் போகுமேம்மா?”

“போகும். சொன்னா ஒடியிற வரைக்கும் போகும். வலி இங்கதான் ஆரம்பிக்குது. இந்த எடத்தை எழுதுங்க.”

“முழுசா மடக்கினாத்தானே –”

“மாட்டேன், சார்.”

சீருடை போட்ட நாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத சொல். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்; பிறகு குனிந்து அந்தக் கோணத்தைப் படித்து எழுதினார். வெளியே வந்து ராய்ஸின் தோளைப் பற்றிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

5
புதிய சதவீதம் வந்துவிட்டது. எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். சிறிய எண் என்றால் கொதிப்பீர்கள், பெரிய எண் என்றால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எப்படியும் அவளை அந்த எண்ணால்தான் அளந்திருப்பீர்கள். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே போடுங்கள்:

______ சதவீதம்.

போடுவதற்கு முன் வலிக்கிறதா என்று அவளையே கேளுங்கள். இப்போது சொல்வாள்.