வெளிர் ரோஸ்

கயோகோவின் வலது கை முழங்கை வரை மீன்தொட்டிக்குள் இருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையை மணலுக்குச் சற்று மேலே பிடித்திருந்தாள். மறுமுனை வழியே தண்ணீர் வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு அவள் கணவர் யசுஹிரோவைக் கொண்டுவருவார்கள். இப்போது ஒன்பதே கால்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றது. ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து வந்த கிகுச்சி என்பவர், "நாங்க உடம்பு துடைச்சு, துணி மாத்திக் கொண்டுவர்றோம்மா. நீங்க முன்னால போய் அறையைத் தயார் பண்ணுங்க" என்று அவளை அனுப்பியிருந்தார். வீட்டில் பாய் விரித்த அறை ஒன்றுதான். அதன் வடக்குச் சுவரை ஒட்டித் தொட்டி. இறந்தவரின் தலை வடக்கே இருக்க வேண்டும் என்பதால், தொட்டி அவருடைய தலைமாட்டுக்கு வரும்.

வாசல் கதவை இழுத்துத் திறந்துகொண்டு தோமிகோ வந்தாள். யசுஹிரோவின் அக்கா, எழுபத்திரண்டு வயது. ஒரு கையில் வெள்ளை விரிப்பு, மறு கையில் பக்கத்து ஊர் நாத்தோரியிலிருந்து கொண்டுவந்த காய்கறிப் பை. தோளில் பனி ஒட்டியிருந்தது.

"என்னடி பண்ற?"

"தண்ணி மாத்துறேன் அக்கா."

"அது தெரியுது. எனக்குக் கண்ணு போயிடல. அங்க என் தம்பியைக் குளிப்பாட்டுறாங்க, இங்க நீ மீனைக் குளிப்பாட்டுற."

"அவர் வர்றதுக்குள்ள முடிக்கணும்."

"அவன் வந்து உனக்குப் பரீட்சை வைக்கப்போறானா?"

கயோகோ தொட்டியின் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த சோதனைத் தாளை எடுத்து நீட்டினாள். அதன் நுனியில் இருந்த சின்னச் சதுரம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"இது வெளிர் ரோஸா இருக்கணும்" என்றாள்.

பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவர் யசுஹிரோ. எதையும் திறந்து காட்டி விளக்காமல் அவரால் இருக்க முடியாது. தொட்டியையும் அப்படித்தான் விளக்குவார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். வடிகட்டியில் வாழும் கிருமிகளில் ஒரு பகுதி அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இன்னொரு பகுதிக் கிருமிகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இது உடனே கொல்லாது. ஆனால் போக வழியில்லாமல் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும்; அது சேரச் சேரச் சோதனைத் தாளின் ரோஸ் சிவப்பாகும். அதை வாளியால் மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் செடி தின்ன வேண்டும். "நமக்கு அது குப்பை. செடிக்கு அது சோறு" என்பார். முழுக்க நீருக்குள் மூழ்கி வளரும் செடி மெதுவாகத்தான் தின்னும். வேர் தண்ணீரிலும் இலை வெளிக்காற்றிலும் இருக்கும் செடிக்குக் காற்றிலிருந்து மூச்சுக்கு வேண்டியது தாராளமாகக் கிடைக்கும். அது வேகமாக வளரும், வளர்வதற்கு ஏற்பத் தின்னும். அதனால்தான் தொட்டியின் பின்விளிம்பில் மூன்று மணிபிளான்ட் கொடிகளைச் செருகியிருந்தார். ஆறு வருடத்தில் அவற்றின் வேர்கள் தொட்டி அகலத்துக்குப் பரவி, பாதி ஆழம் வரை தொங்கின.

கயோகோவுக்கு அந்த வேர்களைக் கண்டால் ஆகாது. குளியலறைச் சாக்கடையில் சிக்கிய முடி மாதிரி இருக்கும்.

"புத்தாண்டுக்கு ரெண்டு நாள் வீட்டுக்கு அனுப்புறோம்னு டாக்டர் சொன்னாரில்ல அக்கா? அதனால வருஷக் கடைசி சுத்தம் பண்றப்போ, ஜன்னல், அடுப்படி, விசிறி எல்லாம் துடைச்சேன். வீடு பளபளன்னு இருக்கணும்னு, அந்த வேரையும் வெட்டி, கொடியையும் குப்பையில போட்டுட்டேன்."

"அது சரிதானே? வருஷ அழுக்கைப் போக்காம எப்படிப் புத்தாண்டு வரும்?"

"அதுக்கப்புறம் அவருக்குக் காய்ச்சல் வந்திடுச்சு. வீட்டுக்கே வரல. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனா அவரோட முதல் கேள்வி, 'நிறம் என்ன?' நான் தினமும் 'வெளிர் ரோஸ்'னு சொன்னேன். ரெண்டு நியான் மீன் செத்தப்பவும் அதேதான் சொன்னேன். நேத்தும் சொன்னேன்."

தோமிகோ விரிப்பைக் கீழே வைத்தாள். தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அப்ப இன்னும் நாலு வாளி எடுத்து ஊத்துடி. நான் பிடிக்கிறேன்."

"மூணுல ஒரு பங்குக்கு மேல கூடாது. ஒரேயடியா மாத்தினா மீனு தாங்காது."

"யார் சொன்னா?"

"அவர்தான்."

"செத்தும் சட்டம் பேசுறான் பாரு" என்றாள் தோமிகோ. சிரிக்க ஆரம்பித்து, கோட்டின் கைமடிப்பில் முகத்தை அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

புதுத் தண்ணீரைத் தொட்டித் தண்ணீரின் வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு செம்பாக ஊற்றினார்கள். மறுபடி தாளை நனைத்து ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். பீட்ரூட் நிறம் கொஞ்சம் இறங்கி, சிவப்பு முள்ளங்கித் தோலின் நிறத்தில் நின்றது. அதற்கு மேல் இன்று இறங்காது என்று கயோகோவுக்குத் தெரியும்.

தோமிகோவின் பையிலிருந்து செரிக் கீரைக் கட்டு எட்டிப் பார்த்தது. கோழியோடு கொதிக்கவைக்க வாங்கியது. இந்தச் சென்டாய் ஊர்க்காரர்களுக்கு அதில் இலையைவிட வேர்தான் முக்கியம் என்பதால் வெள்ளை வேர் முழுசாக இருந்தது. துக்க வீட்டில் கோழி வேகாது.

"இது தண்ணி வயல்ல வளர்றதுதானே அக்கா?"

"இடுப்பு வரைக்கும் தண்ணியில நின்னு பிடுங்குவாங்க. ஏன்?"

கயோகோ கட்டைப் பிரித்தாள். மண் போகக் கழுவி, வேர் நீருக்குள்ளும் இலை மேலேயும் இருக்கும்படி பின்விளிம்பு நெடுக வரிசையாகச் செருகினாள். தோமிகோ பின்னாலிருந்து, "நெருக்காதே, மூச்சு முட்டும். இந்தப் பக்கம் ஒண்ணு சாஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் வண்டி வந்தது.

கிகுச்சியும் இன்னொருவரும் யசுஹிரோவைத் தூக்கிவந்து வெள்ளை விரிப்பில் கிடத்தினார்கள். அறை ஹீட்டரை நிறுத்தி, உடலைச் சுற்றி உலர் பனிக்கட்டிப் பொட்டலங்களை வைத்தார்கள். முகத்தில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஊதுவத்தி, ஒரு கிண்ணம் சோறு.

கிகுச்சி தயங்கினார். "அம்மா, தொட்டி விளக்கு நேரா முகத்துல அடிக்குது. அணைச்சிடலாமா?"

"அணைச்சா செடி சாப்பிடாதுங்க."

கிகுச்சிக்கு அது புரிந்த மாதிரி இல்லை. ஆனால் துக்க வீட்டில் எல்லாவிதமான பதிலையும் கேட்டுப் பழகியவர். தலைவணங்கிவிட்டு, கொண்டுவந்திருந்த மடக்குத் திரையை வழக்கப்படி தலைகீழாகப் பிரித்து, தொட்டிக்கும் தலையணைக்கும் நடுவில் நிறுத்தினார். முகத்தில் நிழல் விழுந்தது.

அவர்கள் போனதும், தோமிகோ தேநீர் வைக்கப்போவதாகச் சொல்லி அறைக்கதவை முழுக்கச் சாத்திவிட்டுப் போனாள். அவள் கதவைச் சாத்துகிறவளே இல்லை.

கயோகோ தலையணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். துணியை விலக்கினாள். யாரோ அவருக்கு நேர்வகிடு எடுத்து வாரியிருந்தார்கள். விரலால் அதை இடப்பக்கம் தள்ளினாள்.

"இங்க பாருங்க" என்றாள். "சிவப்புங்க. மூணு வாரமா சிவப்பு. கொடியை வெட்டினது நான்தான். நியான் ரெண்டு போச்சு. இன்னிக்கு மூணுல ஒரு பங்கு மாத்தியிருக்கு, அதுக்கு மேல மாத்தல. செரிக் கீரை வெச்சிருக்கு. அது பிடிச்சு வேர் விட ஒரு வாரம் ஆகும்னு நினைக்கிறேன். சரியான்னு தெரியல."

சமையலறையில் தோமிகோ கிண்ணங்களை எடுத்தாள், திரும்ப வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

கயோகோ எழுந்தாள். திரையின் ஓரத்தைப் பிடித்து, பாயில் உரசாமல் தூக்கி, ஒரு முழம் தள்ளி வைத்தாள். பச்சை வெளிச்சம் தலையணையில் ஏறி, அவர் காது வரை வந்து நின்றது. இன்னும் அரை முழம் தள்ளினாள்.